கூடி எழுதும் கதை: இணையப் பாத்திரக் குழுவில் சேர்வோருக்கான விதிகள்

‘தி எக்ஸ்பான்ஸ்’ என்ற விண்வெளிக் கதை ஒன்பது நாவல்களாகவும் ஆறு பருவத் தொலைக்காட்சித் தொடராகவும் வெளிவந்தது. அந்தக் கதையுலகில் முதலில் ஆள் நடமாட்டம் தொடங்கியது டை ஃபிராங்க் இணையத்தில் நடத்திய ஓர் எழுத்து விளையாட்டில். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் ஒரு பத்தி எழுதி இடுவார், அடுத்தவர் தன் பாத்திரத்தின் பதிலை எழுதுவார், கதை நகரும். பின்னர் டேனியல் ஏப்ரகாமும் சேர்ந்துகொள்ள, ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் 2011-இல் முதல் நாவல் ‘லெவியதான் வேக்ஸ்’ வந்தது. அதில் ஷெட் கார்வி என்ற மருத்துவ உதவியாளன் சற்றும் எதிர்பாராத நொடியில் செத்துப்போகிறான். வாசகர்களை உலுக்கிய அந்தச் சாவு விளையாட்டிலேயே நேர்ந்தது. அந்தப் பாத்திரத்தை எழுதிவந்தவர் தொடர முடியாமல் விலகிக்கொண்டார். பாத்திரத்தைக் கதையிலிருந்து அனுப்பிவைக்க வேண்டியிருந்தது.

ஒருவர் எழுந்து போனால் ஓர் உயிரே போகும் அளவுக்கு, இத்தகைய குழுவில் எல்லோரும் ஒருவரையொருவர் நம்பி எழுதுகிறார்கள். விதிகள் பிறப்பது இங்கேதான். எண்ணிக்கையில் எத்தனை இருந்தாலும் அவற்றின் அடித்தளம் ஒன்றே: தன் பாத்திரம் என்ன நினைக்கிறது, என்ன பேசுகிறது, எதற்கு முயல்கிறது என்பது எழுதுபவரின் உரிமை. அதனால் இன்னொருவரின் பாத்திரத்துக்கு என்ன ஆகிறது என்பது அந்த இன்னொருவரின் உரிமை.

விளக்கத்துக்காக இந்த அத்தியாயம் முழுவதும் ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொள்ளலாம். கதை நடக்கும் இடம் தனுஷ்கோடி, காலம் 1964 டிசம்பர். ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபால் அலுவலகம், தலைமன்னாருக்குப் புறப்படும் நீராவிக் கப்பல் எல்லாம் இருக்கின்றன. அந்த ஊரை அழித்த புயல் டிசம்பர் 22 இரவில்தான் வரும். குழுவின் கதை டிசம்பர் 19-இல் தொடங்குகிறது.

சேர்வதற்கு முன்

பெரும்பாலான மனக்கசப்புகள் தவறான குழுவில் சேர்வதால் வருபவை. நிதானமாக வேகம் பிடிக்கும் வரலாற்றுக் கதையில் வாள்சண்டை தேடி வருபவரும் வருந்துவார், உடன் எழுதுபவர்களும் வருந்துவார்கள். எனவே இந்த வரிசையைப் பின்பற்றுவது நல்லது.

1. குழுவின் விதிகளை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். வயது வரம்பு, பதில் எழுதும் கெடு, விலக்கப்பட்ட பொருள்கள் ஆகிய மூன்றையும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. நடந்துகொண்டிருக்கும் காட்சிகளில் இரண்டையாவது வாசிக்க வேண்டும். பதிவுகள் எவ்வளவு நீளம், படர்க்கையில் எழுதுகிறார்களா தன்மையில் எழுதுகிறார்களா, உரையாடலில் வட்டார வழக்கு வருகிறதா என்பதெல்லாம் விதிகளைவிட இங்கேதான் தெளிவாகத் தெரியும்.

3. தனக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நேர்மையாகக் கணக்கிட வேண்டும். சில குழுக்கள் 48 மணி நேரத்தில் பதில் கேட்கும். சில ஒரு வாரம் தரும். தேர்வு நெருங்கும் மாணவருக்கும் இரவுப்பணி செய்பவருக்கும் இரண்டாவது வகையே ஏற்றது.

4. ஒருங்கிணைப்பாளர் யார், சிக்கல் வந்தால் அவரை எப்படி அணுகுவது என்று தெரிந்துகொள்ள வேண்டும். புகாரைக் கேட்க ஆளே இல்லாத குழுவைத் தவிர்த்துவிடலாம்.

உதவிக் குறிப்பு: சேர்ந்த உடனே கதைக்குள் குதிக்காமல், சில நாட்கள் வாசகராக மட்டும் இருக்கலாம். யார் யாருக்கு எப்படிப் பதில் எழுதுகிறார்கள் என்பது பிடிபட்ட பிறகு முதல் பதிவு இயல்பாக வரும்.

பாத்திரக் குறிப்பு எழுதுதல்

பெரும்பாலான குழுக்களில் பாத்திரத்தைப் பற்றிய குறிப்பை ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். பக்கம் பக்கமாக வாழ்க்கை வரலாறு எழுதத் தேவையில்லை. உடன் எழுதுபவருக்குப் பயன்படும் செய்திகள் இருந்தால் போதும்.

1. அடிப்படை: பெயர், வயது, தொழில், பேச்சுமுறை. எடுத்துக்காட்டு: செல்லையா, 34, ரயில் நிலையக் கூலி. அதிகாரிகளிடம் “ஐயா” என்றும் பயணிகளிடம் “அம்மா, அண்ணே” என்றும் பேசுவான்.

2. ஆசை: அவனுக்கு இப்போது வேண்டியது என்ன? மகளின் கல்யாணத்துக்குள் கடனை அடைக்க வேண்டும்.

3. குறை: அவனால் முடியாதது என்ன? எழுதப் படிக்கத் தெரியாது. அதை வெளியே சொல்லக் கூச்சம்.

4. கொக்கி: மற்றவர்கள் பிடித்துக்கொள்ள ஏதாவது. சுங்க அதிகாரி ஒருவருக்கு இவன் பழைய நன்றிக்கடன் பட்டவன்.

5. உலகத்தோடு பொருத்தம்: 1964-இல் அவசரச் செய்தி என்றால் தந்தி. பணத்தில் அணா போய்ப் பைசா வந்து ஏழாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் வயதானவர்கள் நாவில் அணா இன்னும் இருக்கும். இத்தகைய நுணுக்கங்களைச் சரிபார்த்து எழுதினால் ஒப்புதல் விரைவாகக் கிடைக்கும்.

மூன்றாவதையும் நான்காவதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். எல்லாம் தெரிந்த, எதற்கும் அஞ்சாத, யார் உதவியும் தேவைப்படாத பாத்திரத்தோடு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? கைராசியான மருத்துவன், குறிதவறாத வீரன், ஏழு மொழி பேசும் ஒற்றன் என மூன்றுமாக ஒருவனே ஆகிவிட்டால் மிச்சமிருப்பவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். குறையுள்ள பாத்திரத்துக்குத்தான் அடுத்தவர் தேவைப்படுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத செல்லையாவுக்கு ஒரு தந்தி வந்தால், அதைப் படித்துச் சொல்ல இன்னொரு பாத்திரம் வந்துதானே ஆக வேண்டும்?

வாழும் மனிதர் எவரையும் பாத்திரமாக்கக் கூடாது. தனுஷ்கோடி போன்ற உண்மைப் பேரிடரைப் பின்னணியாக எடுத்தால், அதில் மாண்டவர்களின் பெயர்களையும் தொடாமல் முழுவதும் கற்பனை மனிதர்களைக் கொண்டே எழுத வேண்டும். உறவுகளை இழந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

முதல் பதிவு: படிப்படியாக

1. முந்தைய பதிவைத் திரும்பவும் படிக்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள், என்ன நேரம், கடைசியாக யார் என்ன கேட்டார்கள் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும்.

2. அதில் தன் பாத்திரத்தைத் தொட்ட விஷயத்துக்கு முதலில் பதில் தர வேண்டும். கேட்ட கேள்விக்கு மறுமொழி, நீட்டிய கைக்கு ஓர் அசைவு.

3. பிறகு புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரு தகவல், ஒரு முடிவு, ஒரு சத்தம், வாசலில் ஓர் ஆள். ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

4. முயற்சியோடு நிறுத்த வேண்டும். முடிவை எதிரே இருப்பவர் எழுதுவார்.

5. உடன் எழுதுபவருக்குப் பிடிமானம் வைத்து முடிக்க வேண்டும். கேள்வியாகவும் இருக்கலாம், பாதியில் நிற்கும் செயலாகவும் இருக்கலாம்.

நான்காவது படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சுங்கச் சாவடியில் ஒரு பெட்டியைப் பற்றிய தகராறு என்று வைத்துக்கொள்ளலாம். செல்லையாவை ஒருவர் எழுதுகிறார். அதிகாரி ராஜமாணிக்கத்தை இன்னொருவர் எழுதுகிறார்.

தவறான பதிவு: “செல்லையா அதிகாரியின் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினான். ராஜமாணிக்கம் நிலைகுலைந்து கீழே விழுந்தார். பயத்தில் அவருக்குப் பேச்சே வரவில்லை.”

சரியான பதிவு: “செல்லையா பெட்டியின் கைப்பிடியைப் பற்றி இழுத்தான். ‘ஐயா, இது அந்த அம்மா பெட்டிங்கய்யா. தொறந்து பாத்துக்கங்க, ஆனா கப்பல் கெளம்புறதுக்குள்ள குடுத்துருங்கய்யா.’ பிடியை அவன் விடவில்லை.”

முதல் பதிவில் ராஜமாணிக்கம் விழுவதையும் அஞ்சுவதையும் அவரை எழுதாத ஒருவர் முடிவு செய்துவிட்டார். இரண்டாவதில் அதிகாரிக்குப் பல வழிகள் திறந்திருக்கின்றன. பெட்டியை விடலாம், திருப்பி இழுக்கலாம், காவலரைக் கூப்பிடலாம், பழைய நன்றிக்கடனைச் சொல்லிக் காட்டலாம். எழுதுபவருக்கே அடுத்து என்ன வரும் என்று தெரியாது. இந்த விளையாட்டின் இன்பம் முழுவதும் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

உதவிக் குறிப்பு: நீளத்தில் உடன் எழுதுபவரை ஒட்டிப் போவது நல்லது. அவர் ஐந்து வரி எழுதும்போது இவர் ஐந்து பத்தி எழுதினால், அவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாமல் அவர் திணறுவார்.

அடிக்கடி நேரும் பிழைகள்

பிறர் பாத்திரத்தை ஆட்டிவைத்தல். குழுக்களில் இதைக் காட்மோடிங் அல்லது பவர்பிளே என்பார்கள். அடி விழுந்ததென்று எழுதுவது, பிறர் வாயில் வசனம் வைப்பது, தன் மீது எந்த அடியும் படாதபடி எப்போதும் தப்பிப்பது எல்லாம் இதில் அடங்கும். காட்சி வேகமாக நகர வேண்டியிருந்தால், உரியவரிடம் தனியே கேட்டு ஒப்புதல் வாங்கிய பின் எழுதலாம்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுதல். இதன் பெயர் மெட்டாகேமிங். டிசம்பர் 22 இரவு கடல் ஊருக்குள் வரும் என்று எழுதுபவர் அனைவருக்கும் தெரியும். டிசம்பர் 19 அன்று செல்லையாவுக்குத் தெரியாது. அவன் திடீரென்று குடும்பத்தை ராமநாதபுரத்துக்கு அனுப்பிவைத்தால் கதையின் உயிர்நாடி அறுந்துவிடும். வானம் இருண்டதைக் கண்டு அவன் கவலைப்படலாம். அது கண்ணால் கண்டது. இன்னொரு பாத்திரத்தின் மனத்துக்குள் ஓடியதாக அதன் எழுத்தாளர் எழுதிய எண்ணமும் இப்படித்தான். அதைப் படித்தவர் வாசகர்; செல்லையா படிக்கவில்லை.

முட்டுச்சந்துப் பதிவு. “செல்லையா சிரித்தான். டீயைக் குடித்தான்.” இதற்கு என்ன பதில் எழுதுவது? ஒவ்வொரு பதிவும் அடுத்தவருக்கு ஒரு வேலை வைக்க வேண்டும்.

சிக்கலை மட்டும் குவித்தல். இது முட்டுச்சந்துக்கு நேர் எதிர்ப்பக்கம். 1931-இல் லண்டனின் டிடெக்ஷன் கிளப்பைச் சேர்ந்த எழுத்தாளர்கள் ‘தி ஃப்ளோட்டிங் அட்மிரல்’ என்ற துப்பறியும் நாவலை அத்தியாயத்துக்கு ஓர் ஆளாக எழுதினார்கள். அகதா கிறிஸ்டி, டோரதி எல். சேயர்ஸ், ரொனால்ட் நாக்ஸ் போன்றோர் அதில் உண்டு. முந்தையவர் விட்டுச்சென்ற முடிச்சுகளை அடுத்தவர் நேர்மையாகக் கையாள வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. சும்மா குழப்புவதற்காக முடிச்சு போடக் கூடாது என்பதற்காக, தன் மனத்தில் உள்ள தீர்வையும் அவரவர் எழுதித் தர வேண்டும் என்றும் வைத்தார்கள். அப்படியும் கடைசி அத்தியாயம் அந்தனி பெர்க்லி தலையில் விழுந்தது. குவிந்த முடிச்சுகளை அவிழ்க்க அவர் எழுதிய அந்த அத்தியாயம் நாவலிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்று. இணையக் குழுவிலும் இந்த விதி அப்படியே பொருந்தும். சுங்கச் சாவடியில் மர்மப் பெட்டியைக் கொண்டுவருபவர், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருங்கிணைப்பாளரிடமாவது சொல்லி வைக்க வேண்டும்.

முறை தாண்டுதல். மூவர் எழுதும் காட்சியில் இருவர் மட்டும் நள்ளிரவுவரை மாறிமாறி எழுதிக் குவித்தால், காலையில் வரும் மூன்றாமவருக்கு நிற்க இடமிருக்காது. வரிசை தெளிவாக இல்லாவிட்டால் கேட்டுவிட வேண்டும்.

இரவல் பாத்திரத்தைச் சிதைத்தல். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொகுத்துவரும் ‘வைல்ட் கார்ட்ஸ்’ நூல்வரிசை, அவரும் நண்பர்களும் 1980-களில் நியூ மெக்சிகோவில் ஆடிய ‘சூப்பர்வேர்ல்ட்’ என்ற பாத்திர விளையாட்டிலிருந்து 1987-இல் நூலானது. அங்கே ஒருவர் படைத்த பாத்திரத்தை இன்னொருவர் தன் கதையில் பயன்படுத்தலாம். ஆனால் படைத்தவரின் இசைவு வேண்டும். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்களே கடைப்பிடிக்கும் இந்த ஒழுங்கு, பொழுதுபோக்குக் குழுவுக்கு இன்னும் அவசியம். மற்றவர் பாத்திரத்தைக் கொல்வது, காயப்படுத்துவது, காதலிக்கச் செய்வது, ஊரைவிட்டு அனுப்புவது எதற்கும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

கதைக்கு உள்ளும் வெளியும்

தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஒரே மூச்சில் அரசனோடும் பேசுவான், பார்வையாளரோடும் பேசுவான், யாரும் குழம்புவதில்லை. குரலும் உடலும் கண்முன் இருப்பதால் அது முடிகிறது. எழுத்தில் அந்த அடையாளங்கள் இல்லை. “உனக்கெல்லாம் வெட்கமே இல்லையா?” என்ற வரியைப் பேசியது ராஜமாணிக்கமா, அவரை எழுதுபவரா என்ற ஐயம் ஒரு நொடி எழுந்தாலும் மனம் புண்படும்.

1. கதைக்கு வெளியே சொல்வதை இரட்டை அடைப்புக்குறிக்குள் இட வேண்டும். அல்லது அதற்கென ஒதுக்கிய தனிப் பகுதியில் எழுத வேண்டும். குழுக்களில் இதை ஓஓசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

2. டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் எழுதுபவர்கள் டப்பர்பாக்ஸ் போன்ற துணைநிரலைக் கொண்டு பாத்திரத்துக்குத் தனிப் பெயரும் படமும் வைத்துக்கொள்ளலாம். யார் பேசுகிறார்கள் என்ற குழப்பம் பெரும்பாலும் நீங்கும்.

3. கடுமையான காட்சி முடிந்ததும் கதைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். “காட்சி நன்றாக வந்தது, உங்களுக்குச் சிரமம் ஒன்றும் இல்லையே?” என்ற ஒரு வரி போதும்.

4. எழுத்தாளர்களுக்கிடையே மனத்தாங்கல் வந்தால் அதைப் பாத்திரங்களின் வழியே தீர்த்துக்கொள்ளக் கூடாது. தனியே பேச வேண்டும். முடியாவிட்டால் ஒருங்கிணைப்பாளரிடம் போக வேண்டும்.

பாதுகாப்பு

எழுத்துதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது என்பதற்கு 1993-இல் லாம்ப்டாமூ என்ற எழுத்துவழி இணைய உலகில் நடந்தது சான்று. ஒரு பயனர் சிறு நிரல் ஒன்றைக் கொண்டு மற்றவர்களின் பாத்திரங்கள் தங்களைத் தாங்களே இழிவுபடுத்திக்கொள்வதுபோன்ற பாலியல் வன்முறைக் காட்சிகளை அனைவர் முன்னும் தோன்ற வைத்தார். திரையில் வந்தவை வெறும் சொற்கள். ஆனால் அந்தப் பாத்திரங்களை எழுதியவர்கள் அனுபவித்த அவமானம் உண்மை. ஜூலியன் டிபெல் இதைப் பற்றி ‘தி வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அதன்பின் அங்கே உறுப்பினர்கள் வாக்களித்து விதி வகுக்கும் முறை வந்தது.

பொருள் எல்லை. ரான் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் அறிமுகப்படுத்திய முறை ஒன்று பல குழுக்களில் புழங்குகிறது. அதில் இரண்டு பட்டியல்கள். ‘கோடு’ என்பதில் எழுதினால், அந்தப் பொருள் கதையில் வரவே கூடாது. ‘திரை’ என்பதில் எழுதினால், அது கதையில் நடக்கலாம். ஆனால் விவரிக்காமல் கடந்துவிட வேண்டும். தனுஷ்கோடிக் கதையில் குழந்தைகளின் சாவு ஒருவருக்குக் கோடாக இருக்கலாம். நீரில் மூழ்கும் காட்சி இன்னொருவருக்குத் திரையாக இருக்கலாம். தொடங்கும் முன்பே எல்லோரும் நிரப்பித் தர வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

நிறுத்தும் சைகை. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டை மேசை விளையாட்டுகளுக்கானது: அட்டையைத் தொட்டால் அந்தப் பகுதி உடனே நின்றுவிடும். இணையக் குழுவில் எக்ஸ் என்ற ஒற்றை எழுத்தை அனுப்பினால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். அனுப்பியவர் விளக்கம் தர வேண்டியதில்லை. மற்றவர்கள் காட்சியை அதற்கு முன்னிருந்த இடத்துக்குக் கொண்டுபோய் வேறு வழியில் தொடர வேண்டும்.

தனித் தகவல். வாட்ஸ்அப் குழுவில் கைப்பேசி எண் வழக்கமாக மற்ற உறுப்பினர்கள் கண்ணில் படும். முன்பின் தெரியாதவர்களோடு எழுதுபவர்கள் டெலிகிராமில் எண்ணை மறைக்கும் அமைப்பை இயக்கிக்கொள்ளலாம். அல்லது டிஸ்கார்டில் புனைபெயரில் சேரலாம். வீட்டு முகவரி, கல்லூரி, பணியிடம், தினமும் போகும் பேருந்து, முகம் தெரியும் படம் எதையும் பகிரக் கூடாது. பாத்திரத்துக்குத் தன் சொந்த ஊரையும் பிறந்தநாளையும் வைப்பதும் ஒருவகையில் தகவல் தருவதே.

வயது. இந்தியச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. பெரியவர்களும் சிறுவர்களும் கலந்த குழுவில் காதல், பாலியல் காட்சிகளுக்கு இடமே தரக் கூடாது. ஒருவர் வயதைப் பொய்யாகச் சொன்னது தெரியவந்தால் காட்சியை அந்தக் கணமே நிறுத்தி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும். குழுவை விட்டுத் தனிச்செய்திக்கு வரும்படி வற்புறுத்துவது, படம் கேட்பது, ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்வது ஆகியவை அபாய அறிகுறிகள்.

மிரட்டலோ பணப்பறிப்போ நேர்ந்தால் இந்த வரிசையில் செயல்பட வேண்டும்:

1. பதில் எழுதுவதை நிறுத்த வேண்டும்.
2. உரையாடலை அழிக்காமல் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைக்க வேண்டும்.
3. அந்த நபரைத் தடைசெய்து ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.
4. இந்தியாவில் இருப்பவர்கள் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் தரலாம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் 1098.

இடைவெளி, விலகல், உரிமை

வேலை, உடல்நலம், குடும்பம் எதற்காகவும் ஒருவர் எழுத முடியாமல் போகலாம். அதில் குற்றமில்லை, சொல்லாமல் போவதுதான் மற்றவர்களை முடக்குகிறது. “இரண்டு வாரம் வர முடியாது; செல்லையா மண்டபம் போயிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்” என்ற ஒரு வரி காட்சியைக் காப்பாற்றும். நிரந்தரமாக விலகுபவர் தன் பாத்திரம் சாக வேண்டுமா, ஊர்விட்டுப் போக வேண்டுமா, வேறொருவர் எழுதலாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது முறை.

எழுதியவற்றுக்கு வீட்டிலும் ஒரு நகல் வேண்டும். மின்னஞ்சல்வழிப் பாத்திரக் குழுக்கள் பல இயங்கிவந்த யாகூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. படியெடுத்து வைக்காதவர்களின் கதைகள் அழிந்துபோயின. மாதம் ஒருமுறை முடிந்த காட்சிகளைக் கோப்பாகச் சேமிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கலாம்.

கதை நன்றாக வந்து, அதை நூலாக்கும் ஆசை எழுந்தால் பங்கேற்ற எல்லோரிடமும் எழுத்துமூல ஒப்புதல் பெற வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரித்தறிய முடியாத படைப்பையே கூட்டுப் படைப்பு என்கிறது. இங்கே பதிவுகள் தனித்தனியாக, எழுதியவர் பெயரோடு இருக்கின்றன. எனவே ஒவ்வொரு பதிவும் அதை எழுதியவருக்கே உரியது என்று கொள்வது பாதுகாப்பானது. வேறொரு எழுத்தாளரின் நாவல் உலகில் ஆடிய கதையென்றால், மூல ஆசிரியரின் அனுமதியின்றி விற்கக் கூடாது.

அனுப்பும் முன் சரிபார்க்க

1. முந்தைய பதிவில் தன் பாத்திரத்திடம் கேட்டதற்குப் பதில் இருக்கிறதா?
2. பிறர் பாத்திரம் பேசுவதாகவோ, உணர்வதாகவோ, அடிபடுவதாகவோ ஒரு சொல்லாவது இருக்கிறதா? இருந்தால் நீக்க வேண்டும்.
3. பாத்திரத்துக்குத் தெரிய வாய்ப்பில்லாத செய்தி நுழைந்திருக்கிறதா?
4. யாருடைய கோட்டையாவது இந்தப் பதிவு தாண்டுகிறதா?
5. அடுத்தவர் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?
6. இது தன் முறைதானா?